ஓநாய் வரட்டும்

ஒரு வீடியோ கேம் சொன்ன தேதியில் வெளிவர வேண்டும் என்று முருகனுக்கு மொட்டை போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, 'இவன் பேச்சையா இவ்வளவு நேரம் கேட்டோம்' என்று தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

நாற்பதைத் தாண்டியவன். மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, இடுப்பைச் சுற்றி லாரி டயர் அளவுக்குச் சதை உண்டு. தைப்பூசத்தன்று எங்கள் ஊர் புந்தோங்கிலிருந்து ரதத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு கல்லுமலைக் கோயில் வரை நடந்து, வரிசையில் நின்று, தலையைக் குனிந்து கொடுத்தேன். கத்தியை நனைத்துக்கொண்டே மொட்டையடிப்பவர், "என்னண்ணே வேண்டுதல்?" என்று கேட்டார். "குடும்ப விஷயம்" என்றேன். சொந்தக்காரர்களிடம் மானத்தைக் காப்பாற்ற, தன் அம்மாவின் முட்டிவலிக்காக நான் முடி கொடுத்ததாக என் மனைவி சொல்லிவைத்தாள். மாமியார் கண்கலங்கி எனக்கொரு சட்டை எடுத்துக் கொடுத்தார். தலையில் முடி முளைப்பதற்குள் கேம் தள்ளிப்போனது. மாமியாரின் முட்டி குணமாகிவிட்டது. முருகன் விலாசம் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

என் மொட்டையைப் பார்த்துச் சிரிக்காதவர் புந்தோங்கிலேயே ஒருவர்தான். எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அண்ணன். தன் வீட்டு இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, ஏதோ பெரிய காரியத்தில் யோசனை சொல்வதுபோலக் கேட்டார்.

"வேண்டிக்கிட்டப்ப தேதிய சொன்னியா தம்பி?"

"இல்லண்ணே. சீக்கிரம் வரணும்னு மட்டும்தான் சொன்னேன்."

"அதான் லா. தேதி சொல்லாம வேண்டுனா சாமி எந்தக் கணக்குல செய்யும்?"

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் மனைவிக்குப் பிடிக்காது. அந்த அக்காவிடம் திட்டு வாங்குகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

அகலமான தோள். சாயம் பூசிய மீசை. வேலை நேரம் போக எப்போதும் சாரமும் பனியனும்தான். ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். கேம் விளையாடும் பழக்கம் மகனிடமிருந்து தகப்பனுக்கு வந்த சொத்து. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது டிவிக்குக் கீழே கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். தூசி படியக் கூடாதே என்று ஒருநாள் அதைத் துடைக்கப் போனவர்தான். அதற்குப் பிறகு அந்த டிவியில் அக்கா ஒரு நாடகத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் இல்லாத நல்லவர்களுக்காக ஒரு வார்த்தை. கேம் தயாரிப்பவர்கள் அதை உடனே கடைக்கு அனுப்பிவிடுவதில்லை. வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே ஒரு முன்னோட்டத்தைக் காட்டுவார்கள். ஒரு தேதி சொல்வார்கள். அந்தத் தேதி நெருங்கும்போது, இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு தேதி சொல்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு விளையாடுவதைவிட இந்தக் காத்திருப்பில்தான் போதை அதிகம். நான் காத்திருக்கும்போது நகத்தைக் கடிப்பேன், மொட்டை போடுவேன். அண்ணன் அப்படியில்லை. அவர் தன் வாழ்க்கையையே அந்தத் தேதிகளில் கட்டிப்போட்டு வைத்திருந்தார்.

கூரைத் தகரம் ஒழுகும். "அந்தக் கப்பல் கேம் வரட்டும், ஆள் விட்டுப் பாப்போம்." கேட்டின் கீல் உடைந்து, திறக்கும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கையைக் கீறும். "குதிரைக் கேம் வரட்டும்." கப்பல் வந்தது, குதிரையும் வந்தது. வந்த அன்று காலையிலேயே குளித்துவிட்டுப் பெட்டிக்குத் திருநீறு பூசுவார். ராப்பகலாக விளையாடி முடிப்பார். முடித்த மறுநாள் சாவு வீட்டுக்காரர் மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பார். கேட்டை இப்போதாவது சரி செய்யலாமே என்றால், "வந்துட்டா எல்லாம் பழசு தம்பி. வரப்போறதுதான் புதுசு" என்பார். அதற்குள் அடுத்த கேமுக்குத் தேதி வந்திருக்கும். கேட்டும் அந்தத் தேதிக்கு மாறிவிடும்.

அவர் வீட்டுக் கூடத்தில், பந்தய நாட்களில் குட்டியாகக் குதிரை போட்டிருக்கும் காலண்டர் ஒன்று தொங்கும். அமாவாசைக்கும் பள்ளி விடுமுறைக்கும் பக்கத்தில் அண்ணன் தன் கையால் கேம் தேதிகளுக்குப் படம் வரைவார். நவம்பர் தாளில் ஓநாய் கேமுக்கு வரைந்தது நாய்க்கும் பன்றிக்கும் நடுவில் ஏதோ ஒரு ஜீவன். அதே காலண்டரில் அக்கா நீலப் பேனாவால் இவருடைய கிளினிக் நாட்களைக் குறித்து வைப்பார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அண்ணனுக்குப் பல வருடமாக உண்டு. கிளினிக் நாள் வந்தால் அன்றைக்கு அஷ்டமி என்பார், நவமி என்பார். ஓநாய் நாள் மட்டும் எப்போதும் சுபமுகூர்த்தம்.

"தம்பி, நல்லவேள, இந்த மனுசன் எங்க கல்யாணத்த கேம் வரட்டும்னு தள்ளிப் போடல" என்பார் அக்கா.

"அப்ப கேமே வரலையே லா" என்பார் அண்ணன், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

ஓநாய் கேம் என்பது நாங்கள் வைத்த பெயர். அதன் ஆங்கிலப் பெயர் அண்ணன் வாயில் நுழையாது. ஓநாய்களோடு வளர்ந்த ஒருவன் காணாமல்போன தன் தங்கையைத் தேடிப் பனிமலையெல்லாம் அலைகிறான். முதல் பாகத்தின் கடைசியில் ஒரு கோட்டைக் கதவைத் தள்ளுகிறான், கதவு திறக்கிறது, அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்தின் முன்னோட்டத்தை அண்ணன் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "இங்க பாரு, ஜன்னல்ல நெழல் ஒண்ணு ஆடுது. அவதான்" என்பார். எனக்கு அது திரையில் ஒட்டிய கொசுவாகத் தெரியும்.

ஒரு தடவை அவர் பிறந்து வளர்ந்த பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப் போனார். சுங்காய் பட்டணத்தைத் தாண்டி உள்ளே. பால்மரத்தையெல்லாம் எப்போதோ சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். கோயில் மட்டும் நின்றது. கூழ் குடித்துவிட்டுக் காட்டுப் பக்கமாக நடந்தோம்.

"இங்கதான் எங்க வீடு" என்று ஒரு செம்பனையைக் காட்டினார்.

"எந்த மரம்ணே?"

"ஏதோ ஒரு மரம். சரியா தெரிஞ்சு என்ன, போய்க் கதவத் தட்டப் போறியா?"

தோட்டம் கைமாறியபோது அங்கிருந்தவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்களாம். அண்ணனின் அப்பாவுக்கு அப்போதே வாயில் பல் இல்லை. பல் கட்டிக்கொள்ளச் சொன்னால், "வீடு வரட்டும், புது வீட்டுக்குப் புதுப் பல்லோட போறேன்" என்பாராம். தன் தம்பி வீட்டுப் பின்கட்டில் இருந்துகொண்டு கஞ்சியாகக் குடித்தே காலத்தை ஓட்டியிருக்கிறார். வீடும் வரவில்லை, பல்லும் வரவில்லை. சவப்பெட்டியில் படுக்க வைத்தபோது வாய் உள்ளே போய் முகம் சிறு பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது என்று சொல்லி அண்ணன் சிரித்தார்.

"எங்கப்பாவுக்கு எவனும் தேதி சொல்லல தம்பி. வரும் வரும்னாங்க, அவ்ளோதான். கேம்காரன் அப்படியா? தேதி சொல்றான். தள்ளிப்போனா மன்னிப்புக் கேட்டு இன்னொரு தேதி சொல்றான். எங்கப்பாகிட்ட யாரு மன்னிப்புக் கேட்டா, சொல்லு."

திரும்பி வரும்போது அவர் கொஞ்சம் நொண்டினார். வேலைக்குப் போடும் சப்பாத்து காலைக் கடித்துவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து, அக்கா கைதட்டி என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் ஏதோ நாறுகிறது, எலி செத்துக் கிடக்கிறது போல, அலமாரியை நகர்த்த ஒரு கை கொடு என்றார். போனேன். உண்மையிலேயே நாற்றம். அலமாரியை இழுத்தோம், சோபாவைப் புரட்டினோம். அண்ணனும் எங்களோடு சேர்ந்து தேடினார். டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு குனிந்து, டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இங்க இல்ல", "அங்க பாரு தம்பி" என்று எனக்கு உத்தரவுகூடப் போட்டார். காலில் மட்டும் காலுறை போட்டிருந்தார். வீட்டுக்குள் சாரத்தோடு காலுறை போட்ட மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "என்னண்ணே, பனிமலைக்குப் போறீங்களா?" என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. டார்ச்சை வாங்கிக் கீழே வைத்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலுறையை உருவினார். அது தோலோடு ஒட்டியிருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துப்போயிருந்தன.

பெரிய ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் போனோம். டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். காலைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு விரலையும் இந்த வாரமே எடுத்துவிட வேண்டும், விட்டால் மேலே ஏறும், பாதம் போகும், அதற்கு மேலும் போகும்.

அண்ணன் காலைக் கீழே இறக்கிக்கொண்டார். பிறகு, "நவம்பர் முடியட்டும் டாக்டர்" என்றார்.

"நவம்பர்ல என்ன?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தேன்.

"வீட்ல விசேஷமா? கல்யாணமா?" என்று டாக்டரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா" என்றார் அண்ணன்.

"கல்யாணத்த முன்னாடி வைக்க முடியாதா அங்கிள்?"

"அது மாப்பிள்ள வீட்டுக்காரங்க கையில இருக்கு டாக்டர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல அடக்கினேன். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டு, மாத்திரையும் மருந்துத் துணியும் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் அங்கே போனேன். எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் காட்டினேன். கிண்டல் செய்தேன், கோபப்பட்டேன், காலில்லாத கொள்ளைக்காரன் வருகிற கேம்களாகப் பொறுக்கி எடுத்துக் கதை சொன்னேன். அக்கா, கேம் பெட்டியைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடுவேன் என்றார். "பெட்டி போனாலும் தேதி போவாது" என்றார் அண்ணன். மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் கத்தினான், அழுதான். அண்ணன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவன் ஓய்ந்ததும், "தீவாளிக்கு வர்றியா?" என்று கேட்டார்.

ஒருநாள் மட்டும், அக்கா கடைக்குப் போயிருந்தபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அறுத்தா எத்தன நாள் படுக்க வைப்பான்னு தெரியாது தம்பி. எங்க தோட்டத்துல வெரல எடுக்கப் போனவன் எல்லாம் தொடை இல்லாம வந்தான். ஓநாய் வர்றப்ப நான் வீட்ல இருக்கணும். முழுசா இருக்கணும்."

அக்டோபரில் அந்தச் செய்தி வந்தது. ரொட்டிச் சானாய்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது போனில் பார்த்தேன். ஓநாய் கேம் மறுபடி தள்ளிப்போகிறது, மார்ச் மாதத்துக்கு. எனக்கென்றால் அந்த நிமிடம் சந்தோஷம். ரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். கேட்டருகிலேயே அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தம் ஊறியதைப் பார்த்தேன்.

"போய்ச் சொல்லு தம்பி. நவம்பர்ல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா வண்டில ஏறிடுவாரு. நீ சொன்னாதான் நம்புவாரு."

நான் உள்ளே போவதற்குள் அக்கா பையை எடுத்துவிட்டார். சாரம், துண்டு, பிஸ்கட் டின் எல்லாம் உள்ளே போகிற சத்தம் கேட்டது.

அண்ணன் நாற்காலியில் காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி வைத்திருந்தார். கட்டு கணுக்கால் வரை ஏறியிருந்தது. போனை வாங்கிப் பார்த்தார், எழுத்து சின்னதாக இருந்ததால் திருப்பிக் கொடுத்தார்.

"நீயே படி. தமிழ்ல சொல்லு."

படித்துச் சொன்னேன். காத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி, ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம், உங்கள் பொறுமைக்குத் தகுந்ததாக இதைக் கொடுக்க விரும்புகிறோம்.

"பாத்தியா? மன்னிப்புக் கேக்குறான்."

"ஆமாண்ணே. நவம்பர்ல ஒண்ணும் இல்ல. வாங்க, இப்பவே போவலாம்."

அவர் காலண்டரை எட்டிப் பார்த்தார். முன்கூட்டியே புரட்டி வைத்திருந்த நவம்பர் தாளில் அந்த நாய்ப்பன்றி நின்றிருந்தது. அவர் முகம் மெல்ல விரிந்தது. பரீட்சை தள்ளிப்போன பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்.

"நல்லதாப் போச்சு தம்பி. இன்னும் டைம் இருக்கு."

வாசலில் அக்கா பையோடு நின்றிருந்தார். பையிலிருந்து சாரத்தை எடுத்து உதறி, கொடியில் போட்டார். துவைத்து மடித்த சாரம் அது.

தீபாவளிக்கு மகன் வந்தான். இரண்டு நாள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து கெஞ்சிவிட்டுத் திரும்பிப் போனான். டிசம்பரில் மழை விடாமல் பிடித்தது. ஒரு காலையில் அண்ணன் காய்ச்சலில் யாரையும் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கேட் சாய்ந்து வழியை மறித்தது. ஒருவர் அதை உதைத்துத் திறந்தார். அன்றே காலைத் தொடையோடு எடுத்தார்கள். எடுத்தும் விஷம் உடம்பில் தங்கிவிட்டது என்றார்கள்.

நடுவில் ஒரு மத்தியானம் மட்டும் அவருக்குத் தெளிவு வந்தது. நான் போயிருந்தேன். வார்டுக்கு வெளியே நின்று என்ன நையாண்டி செய்யலாம் என்று ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"தம்பி, நாளைக்குக் காலைல ஒரு வெல்டிங்காரன கூட்டிட்டு வந்துரு. அந்தக் கேட்டு அக்கா கையக் கிழிக்குது."

வாய்க்குப் பழக்கதோஷம். "ஓநாய் வரட்டும்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாக என்னை ஒரு கோமாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வேணாம். நாளைக்கே."

மறுநாள் கேட்டுக்கு வெல்டிங் வைத்தோம். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. அண்ணனை அந்தக் கேட் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். சத்தமில்லாமல், அகலமாகத் திறந்தது. கருமாதிப் படையலில் மகன், அண்ணன் கையில் பிடித்து விளையாடும் பொத்தான் கருவியை வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தான். அக்கா அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பாயசம் வைத்தார்.

மார்ச்சில் ஓநாய் வந்தது. இந்தத் தடவை தள்ளிப்போகவில்லை. அன்று விடிந்ததும் என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். கோட்டைக் கதவுக்கு முன்னால் கதை தொடங்கியது. கையிலிருந்த பொத்தானை அழுத்தினால் போதும், அவன் உள்ளே போய்விடுவான். அழுத்த முடியவில்லை. அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து, செலிப்பாரைக் காலில் மாட்டிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன்.

அக்கா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா, அந்த ஓநாய் கேம் இன்னைக்கு வந்துருச்சு."

தலை கிள்ளுகிற சத்தம் நிற்கவில்லை. எனக்கு மௌனம் ஆகாது. யாராவது பேசாமல் இருந்தால் நான் எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன்.

"பாவம்கா அண்ணே. கால எடுத்துட்டா இத வெளையாட முடியாமப் போயிடும்னு பயந்துட்டாரு போல."

அக்கா நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வெளையாட கை போதும்."